குறுவை தவறிய ஆண்டும் அதன் பிறகும்

2016இல் மண்ணியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபோது மூன்றாண்டு உதவித்தொகை கிடைத்திருந்தது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நெல் வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், அவ்வப்போது காயவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது எவ்வளவு குறைகிறது என்பதைத் தஞ்சாவூர் மாவட்டத்தில், ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவமான குறுவையில், இரண்டு பருவங்கள் அளப்பதே என் திட்டம்.

2017இல் மேட்டூர் அணை ஜூன் 12க்குப் பதிலாக அக்டோபர் 2ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. நான் தேர்ந்திருந்த வயலோ ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பியிருந்தது. ஆய்வகத்தில் ஒரு சோதனை தவறினால் மறுநாள் செய்துகொள்ளலாம், குறுவை தவறினால் ஓராண்டு போய்விடும். உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்டு எழுதிய கடிதத்திற்கு, விதியில் இடமில்லை என்ற ஒரு வரிப் பதில் ஏழு மாதம் கழித்து வந்தது. பருவமழையையும் அணையையும் நம்பி நடக்கும் ஆய்வுக்கு, நான்கு சுவருக்குள் நடக்கும் ஆய்வுக்கான காலக்கெடுவை விதிப்பது நியாயமில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டு போர்செட் வைத்திருந்த ஒரு பெரியவரின் வயலுக்கு மாறினேன். நடவு முடிந்ததிலிருந்து வாரம் ஒரு முறை, காலை ஒன்பது மணிக்கு, பயிரின் மேல் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, பதினைந்து நிமிடத்திற்கு ஒரு தடவை சிரிஞ்சில் காற்றை இழுத்துச் சேகரிக்க வேண்டும். வரப்பிலிருந்து பெட்டி வரை பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். கால் சேற்றில் அழுந்தினால் அடியில் அடைபட்டிருக்கும் மீத்தேன் குமிழிகளாகக் கிளம்பி அளவையே கெடுத்துவிடும். ஒரு நாள் பலகை சரிந்து என் கால் இறங்கியதைப் பார்த்த பெரியவர், "தம்பி, கொப்புளம் கிளம்புது பாருங்க, இன்னிக்கு எடுத்தது தேறாது" என்றார். அன்றைய மாதிரிகளை விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் எடுத்தேன்.

2019 குறுவையோடு தரவு முழுமையடைந்தது. அதற்குள் உதவித்தொகை நின்றுவிட்டதால், தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வேட்டை எழுதி முடித்தேன்.

பிறகு, வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு. முதல்நிலைத் தேர்வு தகுதிக்கு மட்டுமே. முதன்மைத் தேர்வின் 240 மதிப்பெண்ணும் நேர்முகத்தின் 60 மதிப்பெண்ணும்தான் தரவரிசையைத் தீர்மானிக்கும். முதல் முறை முதன்மைத் தேர்வில் நேரம் போதாமல் பல கேள்விகளை விட்டுவிட்டேன். ஆகவே இரண்டாம் முறைக்குப் புதிதாக எதையும் படிக்காமல், தினமும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு விடை எழுதிப் பழகினேன்.

நேர்முகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று தயாராகிப் போயிருந்தேன். ஆனால், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும்போது மட்டம் பார்க்க வயலில் பதிக்கும் துளையிட்ட குழாயில், நீர் மண்மட்டத்திற்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை மறுபடி பாய்ச்சாமல் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார்கள். அந்த ஆழம் வரை வேர் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், விளைச்சல் குறையாது என்பதைச் சொல்லிவிட்டு, பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாதென்று பெரியவர் தடுத்ததையும் அது சரியான முடிவு என்பதையும் விளக்கினேன். அதன்பின் பேச்சு வெகுநேரம் வயலைப் பற்றியே நடந்தது.

பணி ஆணை வந்ததும் ஐதராபாத்தில் பயிற்சிக்குப் புறப்படுமுன் பெரியவரைப் பார்க்கப் போனேன். நான் பிடுங்காமல் விட்டுவந்த குழாய்களில் இரண்டு சம்பா வயலில் நின்றிருந்தன.