ஈரத்துணி போட்ட பம்ப்: அம்பாசடரும் டிசையரும்

அம்பாசடரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2464 மில்லிமீட்டர். 2017-இல் வந்த டிசையருக்கு 2450. ஒரு விரல்கடை வித்தியாசம்தான். பானெட்டைத் திறந்தால்தான் இரண்டும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

பெட்ரோல் பம்பிலிருந்தே தொடங்கலாம். 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து சாவி போட்டால் செல்ஃப் சுற்றும், வண்டி கிளம்பாது. பைப்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும். பம்பின் டயாஃப்ரம் (உள்ளே ஏறி இறங்கும் ரப்பர் சவ்வு) அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பெட்ரோலை இழுக்காது. ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டால் ஆவி குளிர்ந்து திரும்பவும் பெட்ரோலாகும். பழைய டிரைவர்கள் சீட்டுக்கடியில் துணியும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தது இதற்குத்தான். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் பைப்பை புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிப் போட்டு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கும், விரிசல் விடவும் வைக்கும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

டிசையரில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அங்கிருந்தே அழுத்தத்தோடு தள்ளுவதால் பைப்பில் கொதிக்க வழியில்லை. ஆனால் அந்தப் பம்பைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அதன் ஆயுசு குறையும்.

அம்பாசடரை வைத்திருப்பவர் பிளக்கில் பொறி வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டையும், வால்வைத் திறக்கும் டேப்பட்டையும் தானே பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். டேப்பட்டும் அதே 0.015, இன்ஜின் சூடாக இருக்கும்போது. எட்டு வால்வில் எதைச் சரிசெய்வது என்று குழம்ப வேண்டாம், திறந்திருக்கும் வால்வின் எண்ணையும் சரிசெய்யும் வால்வின் எண்ணையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை, ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவதைச் சரிசெய்யுங்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இறுக்கிவிட்டால் டக்டக் சத்தம் நின்றுபோகும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் கருகும். கொஞ்சம் சத்தம் இருப்பதே நல்லது.

டிசையரில் பாயிண்ட்டே கிடையாது. வண்டி உதறி, ஸ்கேனரில் பி0301 என்ற கோளாறு கோட் வந்தால் முதல் சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை உடனே புதுசாக வாங்காதீர்கள். முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோட் பி0302 ஆனால் காயில்தான் போச்சு. மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாருங்கள்.

பிரேக்கில் மட்டும் பழசுக்குப் பரிந்து பேச முடியாது. பழைய அம்பாசடருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மாதிரி மலை இறக்கத்தில் டிரம் சூடேறினால் மிதி இருக்கும், பிடி இருக்காது. உச்சியிலேயே இரண்டாவது கியரில் போட்டு இறக்குங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்றாத வரை இறுக்கி, தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்திவிடுங்கள்.