ராமப்பா கோவில்: மணல் மெத்தையில் மகாதேவன்

தெலங்கானாவில் வாரங்கல் பக்கம், அந்தப் பகுதியை அந்தக் காலத்தில் ஆண்ட காகதீய மன்னர்களின் கோவில்களைத் தரிசிக்கப் போகிறவர்கள் முதலில் ஹனுமகொண்டா ஆயிரங்கால் கோவிலைப் பார்த்துவிட்டு, அப்புறம் பாலம்பேட் ராமப்பா கோவிலுக்குப் போவது நல்லது. நாங்கள் அப்படித்தான் போனோம்.

ஆயிரங்கால் கோவில் 1163-இல் காகதீய மன்னன் ருத்ரதேவன் எழுப்பியது. சிவன், விஷ்ணு, சூரியன் மூவருக்கும் ஒரே கோவிலில் மூன்று சந்நிதிகள். ஈசனைக் கும்பிட்டு வெளியே வந்தால் பளபளக்கும் கரிய நந்தி. அதைத் தாண்டிக் கல்யாண மண்டபம். இந்த மண்டபத்தைத்தான் 2006-இல் கல் கல்லாகப் பிரித்தார்கள். அஸ்திவாரம் இறங்கிக் கட்டடம் நிலைகுலைந்திருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, அது இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி, பழைய கற்களையே மறுபடி நிறுத்தினார்கள். உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் மட்டும் புதுக்கல். தமிழ்நாட்டுச் சிற்பிகளும் அதில் வேலை செய்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள்.

"ஒரு மண்டபத்துக்குப் பதினெட்டு வருஷமா?" என்று கூட வந்தவர் சலித்துக்கொண்டார். தூணும் உத்திரமும் சேரும் இடத்தை அண்ணாந்து பாருங்கள் என்றேன். இவ்வளவு கனத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இடுக்குத் தெரியாமல் உட்கார வைப்பது அவசரத்தில் ஆகிற காரியமா?

ராமப்பா கோவிலில் ராமலிங்கேஸ்வரர். 1213-இல் காகதீய மன்னன் கணபதிதேவனின் தளபதி ரேச்சர்ல ருத்ரன் கட்டியது. ஊரார் வாயில் நிற்பதோ ராமப்பா என்ற சிற்பியின் பெயர். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சந்நிதிக்குள் நுழையும்போது பாதத்தில் ஒன்று உறுத்தும்: தளம் சமமாக இல்லை, அங்கங்கே மேடும் பள்ளமுமாக அலை போல இருக்கிறது. நிமிர்ந்தால் சில உத்திரங்களில் விரிசல். ஆனாலும் எண்ணூறு வருஷமாகக் கோவில் நிற்கிறது.

காரணம் காலுக்குக் கீழே. குழி வெட்டி, மணலை நிரப்பி இறுக்கி, அதன்மேல் கோவிலை ஏற்றியிருக்கிறார்கள். நிலம் அதிர்ந்தால் அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கை மணல் வாங்கிக்கொள்ளும். கட்டடத்துக்கு முழுதாக ஏறாது. தலைப்பக்கமும் அதே யோசனைதான். விமானத்துச் செங்கல் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. மேலே கனம் குறைந்தால் கருவறைச் சுவருக்கும் பாரம் குறைவு, நில அதிர்விலும் ஆட்டம் குறைவு. கரிய தூண்களில் ஊசி நுழைகிற அளவுக்கு நுணுக்கம் செதுக்கியதைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறோம். என்னைக் கேட்டால், கண்ணுக்கே தெரியாத அந்த மணல்தான் பெரிய சிற்பம்.

இப்படிப்பட்ட கோவிலைக் காப்பாற்ற வரும் பொறியாளருக்குக் கட்டத் தெரிந்தால் போதாது, கை வைக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசிய கோவில்கள் எத்தனை! சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும், பிறகு பக்கத்துக் கல் உதிரும். மணலைப் பீய்ச்சியடித்துத் தூணைச் சுத்தம் செய்து, கல்வெட்டையும் சேர்த்து மழுக்கிய கதையும் உண்டு. நல்ல பொறியாளர் முதலில் விரிசலின் மேல் அளவுகோலைப் பொருத்தி, அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று மாதக்கணக்கில் பார்ப்பார். நின்றுபோன விரிசலை அப்படியே விட்டுவிடலாம். வளர்கிறது என்றால், மேலே பூசி என்ன பயன்? கீழே என்ன நடக்கிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அங்கே அகப்படும் திருடன் தண்ணீர்தான். மழைநீர் ஓட வழியில்லாமல் அஸ்திவாரத்தில் இறங்கினால் மணல் அரித்து நகரும். தூண் ஒரு பக்கமாக இறங்கும்.

தீபாராதனை முடிந்து விபூதி வாங்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தேன். குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டது போக, வரும் மழைக்காலத்தில் இந்தக் கோவிலின் வடிகால் அடைத்துக்கொள்ளாமல் இருக்கணும் சுவாமி என்றும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தேன்.