ஜிடிடிஆர்7 சரி, பஸ் எத்தனை பிட்?

கிராபிக்ஸ் கார்டு பெட்டியில் ஜிடிடிஆர்7 (கார்டின் புதிய வகை மெமரி) என்று போட்டிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பஸ் அகலம், அதாவது மெமரிக்கும் ஜிபியுவுக்கும் (கார்டின் முதன்மைச் சிப்) நடுவே ஒரே நேரத்தில் எத்தனை பிட் போகும் என்பது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080-இல் மெமரியின் ஒரு பின்னுக்கு (ஒரு பிட்டுக்கான இணைப்புக் கம்பி) நொடிக்கு 30 ஜிகாபிட் ஓடுகிறது. முந்தைய தலைமுறை 4090-இன் ஜிடிடிஆர்6எக்ஸில் 21தான். ஆனாலும் மொத்தக் கணக்கில் 4090தான் முன்னால். பஸ் அகலத்தைப் பின் வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுங்கள்: 384 பிட் கொண்ட 4090-க்கு நொடிக்கு 1008 ஜிபி, 256 பிட் கொண்ட 5080-க்கு 960 ஜிபி. 512 பிட், 28 ஜிகாபிட் என்று வரும் 5090-ஓ 1792-ஐத் தொடுகிறது.

அதற்காக ஜிடிடிஆர்7-ஐக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உள்ளே நடந்திருக்கும் வேலை அழகானது. ஜிடிடிஆர்6-இல் மின்னழுத்தம் இரண்டே நிலை, ஒரு துடிப்புக்கு ஒரு பிட். 6எக்ஸில் நான்கு நிலை, இரண்டு பிட். ஆனால் நிலைகளுக்கு நடுவே இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடும். 2024 மார்ச்சில் மெமரி தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வெளியிட்ட ஜிடிடிஆர்7 தரநிலை மூன்று நிலைகளை எடுத்துக்கொண்டது. இரண்டு துடிப்பு சேர்ந்தால் 3 × 3 = 9 சேர்க்கை; மூன்று பிட்டுக்கு 8 போதும். இடைவெளியும் இரண்டு நிலையில் இருந்ததில் பாதி மிஞ்சுகிறது.

மெமரி அளவு விஷயத்தில் 3 ஜிபி சிப்தான் பெரிய மாற்றம். ஒரு சிப்புக்கு 32 பிட் என்பதால் 256 பிட் கார்டில் 8 சிப். 2 ஜிபி சிப் என்றால் 16, 3 ஜிபி என்றால் 24. 5090 லேப்டாப் பதிப்புக்கு 24 ஜிபி கிடைத்தது இப்படித்தான். ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல்லில் போர்டின் இரு பக்கமும் சேர்த்து 32 சிப், மொத்தம் 96 ஜிபி. அடுத்து வரும் கார்டுகளில் முதலில் தேட வேண்டியது இந்தச் சிப்பைத்தான்.

மெமரியை ஓவர்கிளாக் செய்பவர்கள் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்கள்) திரையில் புள்ளி தெறிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பிழையான தரவைத் திரும்ப அனுப்பும் வசதி 6எக்ஸிலேயே வந்துவிட்டது. ஜிடிடிஆர்7-இல் சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தமும் உண்டு. அதனால் படம் சுத்தமாக இருக்கும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். ஒவ்வொரு படியிலும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, ஒரே பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனை) மூன்று முறை ஓட்டி சராசரி எடுங்கள். மதிப்பெண் ஏறாமல் நின்ற இடத்திலிருந்து 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடுங்கள்.

மெமரியின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் மென்மையான தெர்மல் பேட்டை மாற்றும்போது, பழைய பேட்டின் நசுங்கிய பகுதியை அளந்தால் தடிமன் குறைவாகவே காட்டும். அழுத்தம் படாத ஓரத்தை அளக்க வேண்டும். புதிய பேட் அரை மில்லிமீட்டர் கூடினால்கூட கூலர் ஜிபியுவின் மேல் சரியாக உட்காராது. மெமரி குளிர்ந்திருக்கும்போது ஜிபியு மட்டும் கொதித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உடனே கழற்றிப் பாருங்கள், ஜிபியுவின் மேல் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட் பரவியிருக்காது.