படபடப்பை வரவழைத்துப் பழகிய கதை

மனப் பதற்றத்துக்கு சிகிச்சை என்றால் கண்ணை மூடி அமைதியாக உட்காரச் சொல்லுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது தலைகீழ்.

திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல் நுனி மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். ஈசிஜி எடுத்தார்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் படபடப்பு வரும் என்று அதையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை, டென்ஷன் ஆகாதீங்க" என்றார்கள். ஒன்றுமில்லாததற்கா இந்தப் பாடு என்று எரிச்சல்தான் வந்தது.

மனநல மருத்துவர்தான் அதைப் பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீரென்று பீதி தாக்கும் கோளாறு என்றார். மனப் பதற்றத்தில் ஓயாமல் எதையாவது நினைத்துக் கவலைப்படுவது ஒரு வகை, நாலு பேர் முன்னால் நிற்கவே நடுங்குவது இன்னொரு வகை. இது திடீரென்று வந்து பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்குவது. மாத்திரையா, பேச்சு சிகிச்சையா என்று கேட்டார். இரண்டுக்குமே பலன் உண்டு. மாத்திரை என்றால் சில வாரம் பொறுக்க வேண்டும், தொடக்கத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம் என்றார். நான் சிபிடி எனப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்குப் போனேன். மாத்திரை எடுப்பவர்களை இளக்காரமாகப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தெரபிஸ்ட் ஒரு தாளில் வட்டம் போட்டார். இதயம் வேகமாகத் துடிக்கிறது, 'மாரடைப்பு' என்று மனம் சொல்கிறது, பயம் வருகிறது, பயத்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-ல் முன்வைத்த விளக்கம் இது. உடம்பில் எழும் உணர்வைவிட, அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் அர்த்தம்தான் ஆளை ஆட்டிவைக்கிறது.

அப்புறம்தான் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகும் அந்தப் பயிற்சி. "ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு விடுங்க, நானும் விடுறேன்" என்றார். கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றியது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். எட்டு என்றேன். அவருக்கும் விரல் மரத்திருந்தது, ஆனால் மனிதர் சாவகாசமாகக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறி மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் மரத்துப்போகிறது என்று விளக்கினார். மறுபடி செய்யச் சொன்னார். நாற்காலியில் சுற்றுவது, நின்ற இடத்தில் ஓடுவது, ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது என்று வீட்டுப்பாடம் வேறு. போகப்போக எட்டு மூன்றானது. (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.)

இதைவிடக் கஷ்டம், கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்புவது. வாசலுக்குப் பக்கத்து இருக்கை, அழைக்கத் தயாராக விரலடியில் போன், இவையெல்லாம் என்னைக் காப்பாற்றுவதாக நம்பியிருந்தேன். 'பாட்டில் இருந்ததால்தான் தப்பித்தேன்' என்று மனம் கணக்குப் போடும் வரை பயம் போகாது என்று ஒவ்வொன்றாக விடச் சொன்னார். பாட்டிலைத்தான் கடைசியில் விட்டேன்.

இப்போதும் எப்போதாவது வரும். வந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடர்வேன், அது பாட்டுக்கு வந்து போகும். பேனிக்குக்காகத் தெரபிஸ்டைத் தேடுகிறவர்கள், இந்த மாதிரிப் பயிற்சிகள் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆறுதல் பேச்சு மட்டும்தான் என்றால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.