கமிஷன் கணக்கை முதலில் கையால் போடுங்கள்: அஃபிலியேட் மென்பொருள் மதிப்பீட்டுத் தாளுக்கு ஒரு வழிகாட்டல்

தன் தளத்தின் மூலம் சூதாட்ட நிறுவனத்துக்கு ஆட்டக்காரர்களை அனுப்பி, அதற்குக் கமிஷன் பெறுபவர் அஃபிலியேட். அந்தக் கணக்கைப் பார்ப்பது அஃபிலியேட் மென்பொருள். ஆன்லைன் சூதாட்டத் துறையின் அஃபிலியேட் மேலாண்மை குறித்த சான்றிதழ் படிப்பில் கடைசித் தாள் ஒரு கேஸ் ஸ்டடி. கற்பனையான ஒரு நிறுவனத்தின் கோப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்தெந்த நாடுகளில் உரிமம், எத்தனை பிராண்டுகள், அஃபிலியேட்டுகளோடு இப்போதுள்ள ஒப்பந்தங்கள், விற்பனைக்கு வந்திருக்கும் மூன்று மென்பொருள்களின் விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும். எதை வாங்கலாம், ஏன் என்று அறிக்கை எழுத வேண்டும். பிறகு நேர்முகத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அண்மையில் இந்தத் தாளை எழுதித் தேறினேன். எனக்கு உதவிய படிப்பு முறையை இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலோர் முதலில் செய்வது வசதிகளை ஒப்பிடும் அட்டவணை போடுவது. அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நெட்ரெஃபர், இன்கம் ஆக்சஸ், மைஅஃபிலியேட்ஸ், செல்எக்ஸ்பர்ட், அஃபில்கா என்று இந்தத் துறைக்கான மென்பொருள்களின் தளங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். உடனுக்குடன் அறிக்கை, நெகிழ்வான கமிஷன், மோசடித் தடுப்பு என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ‘உண்டு’, ‘இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போனால் மூன்றும் சமமாகத்தான் வந்து நிற்கும். வேறுபாடு தெரிய வேண்டுமானால் கோப்பில் இருக்கும் ஒப்பந்தங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

கமிஷன் வகைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். தகுதிபெறும் ஒவ்வொரு புதிய ஆட்டக்காரருக்கும் ஒரு முறை தொகை கொடுப்பது சிபிஏ. அவர் மூலம் வரும் நிகர வருவாயில் பங்கு கொடுப்பது ரெவின்யூ ஷேர். இரண்டும் கலந்தது ஹைப்ரிட். சிக்கல் ‘நிகர வருவாய்’ என்ற சொல்லில் இருக்கிறது. பந்தயத் தொகையிலிருந்து வென்றவர்களுக்குக் கொடுத்ததைக் கழித்தால் மொத்த வருவாய். அதிலிருந்து போனஸ், வரி, பணப்பரிமாற்றக் கட்டணம், விளையாட்டு வழங்குநரின் பங்கு ஆகியவற்றில் எவற்றைக் கழிப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல நிறுவனங்கள் தங்கள் அஃபிலியேட் விதிமுறைகளைத் தளத்திலேயே வெளியிட்டிருக்கின்றன. நான்கைந்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். எந்தப் பாடக்குறிப்பும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

பிறகு ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு அஃபிலியேட் மூன்று ஆட்டக்காரர்களை அனுப்பியிருக்கிறார், பங்கு 30 சதவீதம். முதல் மாதம் முதலாமவர் மூலம் நிறுவனத்துக்கு 4,000 யூரோ வரவு, இரண்டாமவர் மூலம் 1,500. மூன்றாமவர் 9,000 வென்றுவிட்டார், அதாவது நிறுவனத்துக்கு அவ்வளவு நட்டம். முதல் இருவர் தொடர்பான போனஸும் கட்டணங்களும் 1,500. கூட்டிக் கழித்தால் நிகரம் மைனஸ் 5,000. இரண்டாம் மாதம் மூன்றாமவர் ஆடவே இல்லை, மற்ற இருவர் மூலம் நிகரம் 6,000 என்று வைத்துக்கொள்வோம்.

நட்டத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும் நெகட்டிவ் கேரிஓவர் ஒப்பந்தத்தில் இருந்தால், முதல் மாதம் எதுவும் இல்லை. இரண்டாம் மாதம் 6,000-இலிருந்து 5,000 போக மிஞ்சும் 1,000-க்கு 300 யூரோ. கேரிஓவர் இல்லையென்றால் முதல் மாதம் சுழியம், இரண்டாம் மாதம் 1,800. பெரிய தொகை வெல்பவரைத் தனியே ஒதுக்கி, அவருடைய நட்டத்தை அவருடைய பிற்கால வரவோடு மட்டும் நேர் செய்யும் விதி இருந்தால், முதல் மாதமே 4,000-க்கு 1,200, அடுத்த மாதம் 1,800, ஆக 3,000. ஆட்டக்காரர்களும் பந்தயங்களும் மாறவில்லை, கமிஷன் மட்டும் 300, 1,800, 3,000 என்று மூன்று விதமாக வருகிறது.

இப்போது மென்பொருள் பக்கம் திரும்புங்கள். மூன்றாவது விதியை அந்த மென்பொருளில் அமைக்க முடியுமா? ஓர் அஃபிலியேட்டுக்கு மட்டும் அமைக்க முடியுமா, இல்லை எல்லோருக்கும் சேர்த்துத்தானா? ‘பெரிய தொகை’ என்பதன் வரம்பை யார் வைப்பது? ஒரே நிறுவனத்தின் இரண்டு பிராண்டுகளில் ஒன்றில் லாபம், மற்றொன்றில் நட்டம் என்றால் இரண்டையும் சேர்த்து நேர் செய்கிறதா, தனித்தனியாகப் பார்க்கிறதா? ‘நெகிழ்வான கமிஷன்’ என்று விளம்பரத்தில் இருப்பதன் உண்மையான அளவு இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலில்தான் தெரியும். விற்பனையாளர் தன் மாதிரித் தரவை வைத்துக் காட்டும் டெமோ எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கையால் போட்ட கணக்கைக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும் என அறிக்கையில் ஒரு நிபந்தனையாகவே எழுதுங்கள். எனக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த பகுதி இதுதான்.

இதே வழியில் இன்னும் சில சோதனைகளைத் தயாராக வைத்திருங்கள். படிநிலைச் சதவீதம் என்றால், வரம்பைத் தாண்டியதும் உயர்ந்த விகிதம் முழுத் தொகைக்கா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா? மாதம் எந்த நேர மண்டலத்தில் முடிகிறது? கமிஷன் கொடுத்து முடித்த பிறகு ஆட்டக்காரரின் வங்கி பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், பழைய மாதத்தின் கணக்கைத் திருத்துகிறதா, இந்த மாதத்தில் தனி வரியாகக் கழிக்கிறதா? என் கருத்து இரண்டாவதே சரி. மூடிய கணக்கில் கைவைக்கும் மென்பொருளை எந்தத் தணிக்கையாளரும் விரும்பமாட்டார்.

தொழில்நுட்பப் பகுதியை இவ்வளவு நீட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். ஆட்டக்காரர் எந்த அஃபிலியேட் மூலம் வந்தார் என்பதை, பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு தகவலான குக்கியை மட்டும் நம்பிக் கண்காணிப்பது இனி தாங்காது. சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளம் வைப்பவை) முழுவதுமாகத் தடுத்துவிட்டது. கிளிக்குக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, பதிவு செய்யும்போது அதை ஆட்டக்காரரின் கணக்கோடு சேமித்து, முதல் டெபாசிட் நடந்ததும் சர்வரிலிருந்து சர்வருக்குத் தகவல் அனுப்பும் போஸ்ட்பேக் முறை இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பில் நிறுவனத்தின் ஆட்டக்காரர் கணக்கு மேடை, அதாவது ஆட்டக்காரர்களின் கணக்குகளை நிர்வகிக்கும் அமைப்பு, எது என்று சொல்லியிருப்பார்கள். அதோடு மென்பொருள் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கிறதா, புதிதாக எழுத வேண்டுமா என்பது செலவையும் காலத்தையும் அடியோடு மாற்றிவிடும்.

மாணவர்கள் ஒரு பத்தியில் கடந்துவிடும் ஒழுங்குமுறைப் பகுதிக்குத் தேர்வில் கனம் அதிகம். பிரிட்டனின் சூதாட்ட ஆணைய விதிகளின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் தன் சார்பில் செயல்படும் மூன்றாம் தரப்பினரின் செயலுக்கும் பொறுப்பு. 2017-இல் பிஜிஓ நிறுவனத்துக்கு ஆணையம் 3 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தபோது, அந்த நிறுவனத்தின் தளத்தில் மட்டுமன்றி அஃபிலியேட் தளங்களிலும் இருந்த தவறான விளம்பரங்கள் கணக்கில் வந்தன. அதே ஆண்டு ஸ்கை பெட் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடிவிட்டது. ஆகவே எந்த விளம்பரப் படம் எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், யார் ஒப்புதலோடு வெளியானது என்ற பதிவு மென்பொருளில் இருக்க வேண்டும். ஒரு சலுகை காலாவதியானால் பழைய பேனர்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். சுவீடனில் 2019 முதல் போனஸ் முதல் முறைக்கு மட்டுமே என்பதால், வேறு நாட்டுக்கான பேனர் அங்கே போய்ச் சேர்ந்தால் அது மீறலாகிவிடலாம். நியூஜெர்சியில் வருவாயில் பங்கு பெறும் அஃபிலியேட்டுக்கு உரிமம் தேவை, நிலையான தொகை பெறுபவருக்கு விற்பனையாளர் பதிவு போதும். அதனால் அஃபிலியேட்டின் உரிம நிலை தெரியாமல் ரெவின்யூ ஷேர் ஒப்பந்தத்தைச் சேமிக்கவே மென்பொருள் அனுமதிக்கக் கூடாது.

ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளும் இங்கே சேரும். அஃபிலியேட் பார்க்கும் அறிக்கையில் ஆட்டக்காரரின் பெயரோ மின்னஞ்சலோ இருக்க வேலையில்லை, எண் போதும். இனி சூதாட அனுமதிக்க வேண்டாம் என்று தன்னைத் தானே விலக்கிக்கொண்ட ஆட்டக்காரருக்கு அஃபிலியேட் மூலமாக மின்னஞ்சல் போகாமல் தடுக்கும் வழி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்வியைச் சட்டத்துக்காக மட்டும் கேட்காதீர்கள். சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள முயலும் ஒருவரின் வாசலில் மறுபடி போய் நிற்பது எந்தக் கமிஷனுக்கும் ஈடாகாது.

அறிக்கை எழுதும்போது, கட்டாயத் தேவைகளை வடிகட்டியாக முதலில் வையுங்கள். அதில் தோற்ற மென்பொருளுக்கு மதிப்பெண் போடவே வேண்டாம். எடையிட்ட மதிப்பெண் அட்டவணை மட்டும் போட்டால், டாஷ்போர்டு அழகுக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஒழுங்குமுறை ஓட்டையை மறைத்துவிடும். செலவில் மாதக் கட்டணத்தோடு, ஒருங்கிணைப்புக் கட்டணம், கமிஷன் தொகைக்கேற்ப ஏறும் கட்டணம் இருந்தால் அது, வெளியேறும்போது தரவைத் திரும்பத் தரும் விதி ஆகியவற்றையும் சேருங்கள்.

நேர்முகத்தில் என்னைத் துருவியது பழைய மென்பொருளிலிருந்து மாறும் கட்டத்தைப் பற்றி. பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய ஆட்டக்காரருக்கு ஆயுள் முழுக்கப் பங்கு என்று ஒப்பந்தம் இருந்தால் அந்தத் தொடர்பு எப்படிப் புதிய இடத்துக்கு வரும், கட்டுரைகளில் சிதறிக் கிடக்கும் பழைய இணைப்புகள் என்ன ஆகும் என்று கேட்டார்கள். பழைய இணைப்புகள் திசைதிருப்பப்பட்டு வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆட்டக்காரர்–அஃபிலியேட் பட்டியலோடு கேரிஓவர் நிலுவையையும் இறக்கி ஏற்ற வேண்டும். முழு மாதக் கணக்கு ஒன்று முடியும்வரை இரண்டு மென்பொருள்களும் இணையாக ஓட வேண்டும். இரண்டின் விடையும் ஒத்துப்போன பிறகே முதல் கமிஷனைப் புதியதிலிருந்து கொடுக்கலாம் என்றேன். ‘ஒத்துப்போகாவிட்டால்?’ என்பது அடுத்த கேள்வி. வேறுபடும் அஃபிலியேட்டின் கணக்கை ஆட்டக்காரர் வாரியாக, நாள் வாரியாகப் பிரித்துக் காட்ட இயலாத மென்பொருளை என் அறிக்கை வடிகட்டியிலேயே நீக்கியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.