ஆள் இருக்கிற வீடு வாங்கப்போன கதை

சட்டத்தரணியிடம் நான் போனது ஐந்து லட்சம் அச்சவாரம் (முற்பணம்) கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகு. அதுதான் நான் விட்ட பிழை, மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

வீடு யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம், மாநகர சபை எல்லைக்குள்ளே. இரண்டு பரப்புக் காணி, 60களில் கட்டிய சுண்ணாம்புச் சாந்து வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு. உரிமையாளர் கனடாவில். இங்கே இருக்கிற அவருடைய தம்பியிடம் அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) இருக்கிறது, அவர்தான் காட்டினார். விலை அக்கம்பக்கத்தை விடக் கால்வாசி குறைவு. ஏன் என்று கேட்டதற்கு, "ஆள் இருக்குது, வாடகைக்கு. உறுதி முடியட்டும், மூண்டு மாதத்தில எழும்பிவிடுவினம்" என்றார் தரகர். தம்பியாரும் தலையாட்டினார். அம்மாவை மேல்மாடி வீட்டிலிருந்து நிலத்தோடு இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதுகிற அன்றைக்கு அதை எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசிடம் போனால் போதும் என்று மச்சானும் சொன்னான். சரி என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சியும் வைத்துக் காசைக் கொடுத்தேன்.

பிறகு கண்டிவீதியில் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். (என் மாமா இன்னும் 'பிறக்கிராசி' என்றுதான் சொல்வார். வழக்கறிஞர்களில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவெல்லாம் 1974 இலேயே போய்விட்டது.) அவர் அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி வாசித்துவிட்டு, மேசையில் கவிழ்த்து வைத்தார். காணி விற்பதும் விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தானால் மட்டுமே சட்டத்தில் செல்லும், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது, இந்தத் தாளை வைத்துக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது என்றார். எனக்கு வயிறு கலங்கியது.

அடுத்து அவர் கேட்டதெல்லாம் வாடகைக்காரரைப் பற்றித்தான். எப்போது வந்தவர், யாரிடம் வாடகைக்கு எடுத்தது, வாடகை எவ்வளவு, பற்றுச்சீட்டு இருக்கிறதா. ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "வீட்டை வாங்க முதல் வாடகைக்காரரோட கதைக்கேல்லையோ?" என்று கேட்டார். தரகர் கதைக்க வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

அன்று பின்னேரமே தனியாகப் போனேன். சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த மனிதர் கதவைத் திறந்திருக்க மாட்டார் என்றே இப்பவும் நினைக்கிறேன். அறுபத்தைந்து வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆள். விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு, "நீங்கள் மூண்டாவது ஆள் தம்பி" என்றார். எனக்கு முதல் இரண்டு பேர் அச்சவாரம் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

வீட்டை அவருடைய தகப்பனார் 1976 இல் வாடகைக்கு எடுத்திருக்கிறார். தகப்பனார் இறந்த பிறகு இவர் தொடர்ந்து இருக்கிறார். 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் போய், அடுத்த வருடம் திரும்பி வந்து ஓட்டைத் தானே மாற்றியிருக்கிறார். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் ரின் கொண்டுவந்தார். முழுக்கப் பற்றுச்சீட்டு. "அவையின்ர தம்பியார் வாடகையை வாங்கமாட்டன் எண்டு சொன்ன பிறகு நான் மாநகர சபையில கட்டிக்கொண்டு வாறன்" என்றார். வாடகையே தருவதில்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் வாடகையை உள்ளூராட்சி சபையில் கட்டலாம் என்று வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒழுங்காகக் கட்டுகிறவரை வாடகைப் பாக்கி என்று சொல்லி எழுப்ப முடியாது.

ரின்னைப் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். அவர் சொன்னதைத்தான் இதை வாசிக்கிறவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில், சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும் என்று வாடகைக்காரர் மேல் வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் வாடகைக்காரர் குடிவந்த பிறகு அந்த வீட்டைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. 22 ஆம் பிரிவு. தகப்பனிடமிருந்து வாடகையுரிமை மகனுக்கு வந்திருந்தால், தகப்பன் குடிவந்த நாளிலிருந்தே கணக்கு. ஆக, கனடாக்காரருக்கு இருக்கக்கூடிய உரிமைகூட, அவரிடம் வாங்குகிற எனக்கு இல்லை! உறுதி எழுதி முடிந்த அடுத்த நிமிடம் நான் 1976 ஆம் ஆண்டு வாடகைக்காரரின் புதிய வீட்டுக்காரன், அவ்வளவுதான். விற்பனையால் வாடகை முறிவதில்லை, வாடகை முந்தி, விற்பனை பிந்தி. தண்ணீரையோ கரண்டையோ வெட்டி எழுப்பிவிடலாம் என்று தரகர் சொன்னதைச் சொன்னபோது, "அதைச் செய்தால் நீங்கள்தான் வழக்காளியாய் இல்லாமல் எதிராளியாய் கோட்டுக்கு வருவியள்" என்றார்.

எல்லா வீட்டுக்கும் இப்படி இல்லை. 1980 க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட வீடு என்றால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வராது. அதனால்தான் குடிவந்த ஆண்டை முதலில் கேட்டிருக்கிறார். சபையின் சோலைவரி (வீட்டுவரி)ப் புத்தகத்தில் பார்க்கக்கூடிய விசயம், நான் பார்க்கவில்லை.

காணிக்கந்தோரில் தேடியபோது இன்னொன்று வந்தது. உறுதியில் இரண்டு பெயர். கனடாக்காரரும் லண்டனில் இருக்கிற தங்கச்சியும். தங்கச்சி வாட்ஸ்அப்பில் 'ஓம்' சொல்லிவிட்டாவாம். சட்டத்தரணி அம்மா அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையில் கலியாணம் செய்த பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 இலிருந்து இருக்கிற சட்டம். (அது சரியா என்பது வேறு கதை, என் மனைவி அன்றைக்கு முழுக்க என்னோடு அதைப் பற்றித்தான் சண்டை.) கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் வாரிசுகளுக்கும் முதலில் வாங்குகிற உரிமையும் இருக்கிறது, 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் எழுதினால் பிறகு வழக்கு. தங்கச்சி தனியாக அற்றோணித் தத்துவம் அனுப்பினார், கணவரும் கையெழுத்து வைத்தார், அதுக்கே இரண்டு மாதம்.

வாங்காமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விடாமல் இழுத்தது அந்த மனிதர்தான். அவருடைய மகன் கோப்பாயில் வீடு கட்டிக்கொண்டிருந்தான், கூரை வரை வந்திருந்தது. "எனக்கும் போக விருப்பம்தான், ஆனால் துரத்திப் போகமாட்டன்" என்றார். அதைச் சட்டத்தரணியிடம் சொன்னதும் வேலை வேறு மாதிரி நடந்தது. நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதிந்தோம். ஆளில்லாத வீடாகத்தான் ஒப்படைக்க வேண்டும், அதுவரை மிச்சக் காசு இல்லை, எட்டு மாதத்தில் முடியாவிட்டால் அச்சவாரம் திரும்ப வரவேண்டும் என்று. எழும்புவதற்காக வாடகைக்காரருக்குக் கொடுக்கிற தொகை விற்கிறவர்களின் பங்கிலிருந்து. தம்பியார் முதலில் குதித்தார். மூன்றாவது ஆளும் போய்விட்டால் நாலாவது ஆள் வருமா என்று சட்டத்தரணி அம்மா கேட்டதும் அடங்கினார்.

தரகர் தன் நொத்தாரிசிடம் எழுதினால் மலிவு என்று கடைசிவரை சொன்னார். முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அது எந்த நொத்தாரிசிடம் போனாலும் ஒன்றுதான். நான் மாறவில்லை.

கிணற்றை இறைத்துப் பார்க்க, கூரை மரத்தைத் தட்டிப் பார்க்க, அயலில் விசாரிக்கச் சட்டத்தரணி வேண்டாம், அதை நீங்களே செய்யுங்கள். ஆனால் ஆள் இருக்கிற வீடு என்று காதில் விழுந்தால், விலையைக் கதைக்க முதலே உறுதியின் படியையும் வாடகைப் பற்றுச்சீட்டையும் கொண்டு அவரிடம் போங்கள். அன்றைக்கு அவர் வாங்கிய ஆலோசனைக் காசு நான் தரகரோடு திரிந்த பெற்றோல் காசுக்கும் வராது.

ஏழாவது மாதம் அந்த வாடகைக்காரர் வீட்டைத் திறந்து தந்தார். சாவியோடு அந்த பிஸ்கட் ரின்னையும் நீட்டினார். "இனி எனக்கு வேண்டாம்." சட்டத்தரணி அம்மா அதைக் கோப்போடு வைத்திருக்கச் சொன்னார். அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.