கத்திரி வெயில்ல கேட்டுக்கு வெளிய நிக்கிற கெமிக்கல் லாரி

ஏப்ரல் பொறந்தாலே மில்லுகளுக்கு கெமிக்கல் அனுப்புற எங்க லைன்ல எல்லாரும் குடோனைப் பத்தித்தான் பேசுவாங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதா, கூரைக்கு வெள்ளையடிச்சாச்சா, ஷீட்டுக்குக் கீழ தெர்மாகோல் போடலாமான்னு. அதெல்லாம் வேணும்தான். ஆனா இத்தனை வருஷமா டிஸ்பேட்ச் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது என்னன்னா, வெயில் காலத்துல சரக்குக்கு நிஜமான கண்டம் லாரி எங்கயாவது நிக்கிறப்பதான் வருது. ஓடுற லாரியில காத்து படும், குடோன்ல நிழல் இருக்கும். மில்லு கேட்டுக்கு வெளிய மத்தியானம் நிக்கிற லாரிக்கு ரெண்டும் கிடையாது.

திருப்பூர், பெருந்துறை, ஈரோடு பக்கம் நடக்குறதைச் சொல்றேன். வண்டி பதினோரு மணிக்குப் போய்ச் சேரும். கேட் பாஸ் போடணும், எடை போடணும், லேப்ல சாம்பிள் பாக்கணும், அதுக்குள்ள ஒரு மணி ஆயிடும், லோடுமேன்கள் சாப்பிடப் போயிருப்பாங்க, மூணு மணிக்கு வாங்கன்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் இரும்பு பாடி, மேல கறுப்புத் தார்பாய், கீழ தார் ரோடு. கரூர் பரமத்தியில 41, 42 டிகிரின்னு நியூஸ்ல சொல்றது நிழல்ல வச்சு அளந்த கணக்கு. மூடின வண்டிக்குள்ள அதை விட 15 டிகிரி கூட ஏறினாலும் ஆச்சரியம் இல்ல. அந்த மூணு நாலு மணி நேரம் எந்தப் பேப்பர்லயும் வராது, இன்வாய்ஸ்ல இல்ல, லாக் புக்ல இல்ல, யாரும் அதுக்குப் பொறுப்பும் கிடையாது.

இதுல எல்லா கெமிக்கலும் ஒரே மாதிரி நடந்துக்காது, அதை முதல்ல புரிஞ்சுக்கணும். பனியன் துணி பிளீச்சிங்குக்குப் போற 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்துக்கோங்க. சுத்தமா இருந்து, அது பிரியாம இருக்க கம்பெனி சேர்த்த ஸ்டெபிலைசர் அப்படியே இருந்தா, 40 டிகிரியில கூட அது பெருசா ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமா தண்ணியும் ஆக்சிஜனுமா பிரியும், அவ்ளோதான். பிரச்சனை அதுல அழுக்கு சேர்ந்தா. துருத் தூள், செம்பு, மாங்கனீஸ், காஸ்டிக் சோடா ஒரு சொட்டு, ரோட்டுப் புழுதி, எது விழுந்தாலும் பிரியுற வேகம் கூடும், பிரியும்போது சூடு வரும், பத்து டிகிரி ஏறினா வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும், அந்த வேகம் இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு லிட்டர் 50 சதவீத பெராக்சைடு முழுசா பிரிஞ்சா கிட்டத்தட்ட 200 லிட்டர் ஆக்சிஜன் வரும், அத்தனையும் அந்த கேன்குள்ள இருந்துதான் வெளிய வந்தாகணும். அதனாலதான் பெராக்சைடு கேனுக்கு வென்ட், அதாவது வாயு வெளிய போற சின்ன வழி, வச்ச மூடி போடறாங்க. அது குக்கர் வெயிட் மாதிரி, அதை அடைச்சுட்டு அடுப்பை எரிய விட முடியாது.

ஆனா அடைக்கிறாங்க. ஒரு யூனிட்ல அன்லோடிங் அப்போ பாத்தேன், மூடியில ஓட்டை இருக்கு, லீக் ஆகுதுன்னு சொல்லி நடுவுல இருந்த வென்ட் மேல பிரவுன் டேப்பை ரெண்டு சுத்து சுத்தி ஒட்டியிருந்தாங்க. வெயில் பக்கம் அடுக்கின கேன்களோட பக்கவாட்டுச் சுவர் வெளிய தள்ளி, அடிப்பாகம் உருண்டு, தரையில வச்சா ஆடுது. பக்கத்துலயே டேப் ஒட்டாத கேன் ஒண்ணு, அதே லாட்டு, அதே வெயில், தட்டையா கம்முனு உக்காந்திருக்கு. டேப்பை அப்பவே பிரிச்சுடலாம்னு ஒரு தம்பி கை வச்சாரு, வேண்டாம்னு நிறுத்தி, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லி, தூரத்துல இருந்து ஹோஸ்ல ரொம்ப நேரம் தண்ணி அடிச்சு, சூடு எறங்கினதுக்கு அப்புறம்தான் கண்ணாடி, கிளவுஸ் போட்டுக்கிட்டுத் தொட்டோம். கை சுடுற கேனையோ, உப்பி, சீறுற சத்தம் வர்ற கேனையோ திறக்கவே கூடாது. மிச்சமான பெராக்சைடை திரும்பப் பழைய கேன்ல ஊத்தறதும் கூடாது, எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஓயவே மாட்டேங்குது.

பெராக்சைடு எரியாதே, எதுக்கு இவ்ளோ பயம்னு கேக்கறவங்க இருக்காங்க. எரியாது, ஆனா எரியுறதுக்கு ஆக்சிஜன் குடுக்கும். 2022 ஜூன் 4ஆம் தேதி ராத்திரி பங்களாதேஷ்ல சிட்டகாங் பக்கத்துல சீதாகுண்டா கன்டெய்னர் டிப்போல தீப்பிடிச்சு, பெராக்சைடு இருந்த கன்டெய்னர் வெடிச்சு, கிட்டத்தட்ட 50 பேர் செத்தாங்க. அதுல தீயணைக்கப் போனவங்களும் இருந்தாங்க, உள்ள கெமிக்கல் இருக்குன்னு அவங்களுக்குச் சொல்லலை. அதனாலதான் வண்டியோட பேனல்ல யூஎன் நம்பர் 2014, அதாவது உள்ள இருக்குறது இந்தப் பெராக்சைடுன்னு காட்டுற நம்பர், தெளிவா தெரியணும்னு நான் சண்டை போடறேன். தார்பாய் அந்த பேனலை மூடியிருந்தா வண்டியை எடுக்கவே விடமாட்டேன்.

ஹைப்போன்னு சொல்ற பிளீச்சிங் திரவம் வேற கதை. வெடிக்காது, ஆனா சத்தமில்லாம செத்துப்போகும். சோடியம் ஹைப்போகுளோரைட் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் குளோரைடாவும் குளோரேட்டாவும் மாறும், பத்து டிகிரிக்கு மூணு மடங்குக்கு மேல வேகம் கூடும். கம்பிக் கூண்டுக்குள்ள இருக்குற வெள்ளை பிளாஸ்டிக் ஐபிசி டேங்க்ல ஊத்தி மொட்டை வெயில்ல வச்சிருக்கறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும், வெளிச்சம் நேரா உள்ள போகுது. துணி பிளீச்சிங்னா ஷேடு சரியா வரலைன்னு தெரிஞ்சுடும். குடிதண்ணி டேங்குக்குப் போற ஹைப்போன்னா? 12 சதவீதம்னு நினைச்சுக் கணக்குப் போட்டு ஊத்துவாங்க, அதுல பாதிகூட இருக்காது, கிருமி சாகாது. வெயில் காலத்துல ஒரு மாசத்துக்கு மொத்தமா வாங்கி வைக்காம வாராவாரம் வாங்குங்க. இல்லன்னா வந்த அன்னைக்கே நல்ல தண்ணியில பாதிக்குப் பாதி கலந்து வச்சிருங்க, நீர்த்த ஹைப்போ ரொம்ப மெதுவாத்தான் கெடும். டைட்ரேஷன் பண்ணி, இப்ப எத்தனை சதவீதம் இருக்குன்னு பாக்காம டோஸ் போடாதீங்க.

எஃப்ஆர்பி, அதாவது ஃபைபர் கிளாஸ் பட்டறைக்காரங்க ரெசினை இறுக வைக்க கேட்டலிஸ்ட்னு கேட்டு வாங்குறது எம்இகேபி (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு), அது ஆர்கானிக் பெராக்சைடு. இதுக்குத்தான் நான் நிஜமா பயப்படறேன். இந்த வகை சரக்குக்கெல்லாம் எஸ்ஏடிடின்னு ஒரு வெப்பநிலை உண்டு, சரக்கை அதோட பேக்கிங்ல அந்தச் சூட்டுல வச்சா ஒரு வாரத்துக்குள்ள தானாவே சூடேறிப் பிரிய ஆரம்பிக்கலாம், அதுக்கப்புறம் நிறுத்துறது நம்ம கையில இல்ல. 2017ல டெக்சாஸ் க்ராஸ்பியில ஹார்வி புயல் வெள்ளத்துல கரன்ட் போயி, குளிர்ல வச்சிருந்த ஆர்கானிக் பெராக்சைடு டிரெய்லர்கள் சிலது தானாவே பத்திக்கிச்சு. நம்ம ஊர்ல இதையே அஞ்சு கிலோ கேன்தானேங்க, பஸ்ல போட்டு விட்டுடுங்கன்னு கேக்கறாங்க. பஸ்ஸோட டிக்கியில, இன்ஜின் சூட்டுல, யாரோ ஒருத்தர் பைக் பார்சல் பக்கத்துல, மேல நாப்பது அம்பது பேர் உக்காந்திருக்க! நான் அனுப்ப மாட்டேன், வியாபாரம் போனா போகட்டும். ரெசின்ல இதோட சேர்த்துப் போடற கோபால்ட் திரவத்தையும் இதையும் ஒரே பெட்டியில போட்டும் குடுக்க மாட்டேன், அது ரெண்டும் நேரா கலந்தா வெடிக்கும்.

சரி, என்ன பண்றோம்னா, மே மாசத்துல லோடிங் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான். ராத்திரி ஓடி காலையில ஏழு எட்டு மணிக்குள்ள கேட்ல இருக்கணும், தூக்கம் கெட்டு ஓட்டக்கூடாதுன்னு தூரமா போற வண்டிக்கு ரெண்டு டிரைவர் வைக்கணும், அதுக்குச் செலவு ஆகும், ஆகட்டும். தார்பாய் சரக்கு மேல படியக்கூடாது, கம்பி வளைச்சு ஒரு முழம் இடைவெளி விட்டு, வெளிப்பக்கம் வெள்ளையா இருக்குறதைப் போடணும். பெராக்சைடு கேனுக்கு அடியில வைக்க மரப் பேலட் வேண்டாம், சிந்தினா மரம் பத்திக்கும், பிளாஸ்டிக் பேலட் போடுங்க. டிரைவர்கிட்ட ட்ரெம் கார்டு, அதாவது விபத்து நடந்தா என்ன பண்ணணும்னு சொல்ற அட்டை, அவருக்குப் புரியுற பாஷையில இருக்கணும், இங்கிலீஷ் கார்டை டேஷ்போர்டுல சொருகி வச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?

தூரத்துல இருந்தே சூட்டை அளக்குற டெம்பரேச்சர் கன் ஒண்ணு வாங்கி டிரைவர்கிட்டயே குடுத்துட்டோம். அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, பளபளன்னு இருக்குற ஸ்டீல் டிரம் மேல அடிச்சா குறைச்சுக் காட்டும், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல அடிக்கணும். அடுக்குல மேல் வரிசை, வெயில் பக்கம், நடுவுலன்னு மூணு இடத்துல பாக்கணும். ஒரே இடத்துல பாத்தா என்ன ஆகும்னு விசாகப்பட்டினம் சொல்லும். 2020 மே 7ஆம் தேதி அங்க பிளாஸ்டிக் செய்யப் பயன்படுற ஸ்டைரீன் கசிஞ்சு 12 பேர் செத்தாங்களே, லாக்டவுன்ல ஆலை நின்னு, வாரக்கணக்கா டேங்க் அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. சூடு அளக்குற கருவி டேங்க்கோட அடியில மட்டும்தான் இருந்துச்சு, மேல சூடு ஏறினது தெரியவே இல்ல. அதுவும் நின்ன சரக்குதான்.

மில்லுக்காரங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. கேட் பக்கத்துல ரெண்டு வண்டி நிக்கிற மாதிரி ஒரு ஷெட்டு, கெமிக்கல் வண்டி வந்தா பஞ்சு வண்டி, நூல் வண்டிக்கு முன்னாடி உள்ள விடணும், வந்த நேரமும் இறக்கின நேரமும் டெலிவரி சலான்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். சில இடத்துல பண்றாங்க, அங்க சரக்கு ரிஜெக்‌ஷன் கம்மி.

இன்னொண்ணு, மே கடைசியில சாயங்காலம் திடீர்னு கோடை மழை அடிக்கும். அப்போ வண்டியில ஹைட்ரோஸ், அதாவது சாயப்பட்டறைக்குப் போற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள், இருந்தா பாத்துக்கோங்க, டிரம்முக்குள்ள ஈரம் போனா அது தானா சூடாகி சல்ஃபர் டை ஆக்சைடு புகையும். சின்ன யூனிட்டுக்குப் போற டாடா ஏஸ்ல ஹைட்ரோஸ், பெராக்சைடு, அசிட்டிக் ஆசிட், ஹைப்போ நாலையும் ஒண்ணா ஏத்தி ஒரே டிரிப்புல அனுப்புங்கன்னு கேப்பாங்க. ரெண்டு டிரிப்பு இல்ல, மூணு டிரிப்பு ஆனாலும் பிரிச்சுத்தான் அனுப்பணும். மத்தியானம் வெயில்ல காய்ஞ்ச தார்பாய் தையல் விட்டிருக்கான்னு மழைக்கு முன்னாடியே வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துடுங்க.